29-2-ஆ, ரெட்ஹாக்கா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, டெக்சாஸில் இருக்கிறேன். ரேஞ்சில் குறி சுட ஒரு .44 மேக்னம் ரிவால்வர் வாங்கணும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 29-2, ரூகர் ரெட்ஹாக் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறேன்.

ஆசை என்னவோ 29-2 மேல்தான். சின்ன ஊசி (pin) அடித்துப் பொருத்திய பேரல், தோட்டாவின் விளிம்பு உள்ளே அடங்கும் சிலிண்டர். 1982 வாக்கில் கம்பெனி இரண்டையும் கைவிட்டதால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். டிரிகர் அவ்வளவு வழுவழுப்பு. ஆனால் கனமான லோடுகளையே (வலு அதிகமான தோட்டாக்களையே) தொடர்ந்து சுட்டால் சிலிண்டர் முன்பின் ஆட ஆரம்பிக்கும். நான் பார்த்து வைத்திருப்பதில் சிலிண்டரை விரலால் தள்ளினால் லேசான அசைவு தெரிகிறது. சுத்தியலை மெதுவாக இழுத்துப் பார்த்தேன், ஆறு அறைகளும் சரியாகப் பூட்டிக்கொள்கின்றன.

1979-இல் வந்த ரெட்ஹாக் உடம்பு கெட்டி, கனமான லோடுகளுக்கு அசராது. சுத்தியலுக்கும் டிரிகருக்கும் ஒரே ஸ்பிரிங் என்பதாலோ என்னவோ, இழுவை எனக்கு ஒத்துவரவில்லை.

பெரும்பாலும் .44 ஸ்பெஷல்தான் (இதே ரிவால்வரில் போடக்கூடிய, வலு குறைந்த தோட்டா) சுடுவேன். அப்படியிருக்க, அந்த அசைவைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா? ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டுச் சரிசெய்தால் மறுவிற்பனையில் விலை அடிபடுமா? இரண்டையும் சுட்டவர்கள் விவரமாக எழுதினால் பெரிய உதவி.