வலைக்குத் தப்பும் மடவையும் வாளியில் இறக்கும் மத்தியும்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். உயிர் இரைக்காகக் கழிமுகத்தில் வீச்சு வலை போட்டு வருகிறேன். பகலில் மடவைக் குஞ்சுகள் கண்ணெதிரே கூட்டமாக மேய்ந்தாலும், வலை நீரைத் தொடுவதற்குள் சிதறிவிடுகின்றன. இரவில் விளக்கடியில் மத்தி எளிதாகச் சிக்குகிறது. ஆனால் வாளியில் விட்ட சிறிது நேரத்தில் செதில் உதிர்ந்து இறந்துவிடுகிறது. இவற்றின் இயல்பை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மடவை முதலில் உங்கள் நிழலைத்தான் பார்க்கிறது. ஆகவே நிழல் பின்னால் விழும்படி, வெயிலை நோக்கி நில்லுங்கள். சேற்றின் மேல் படிந்த பாசியையும் மட்கிய துகள்களையும் மேயும் மீன் என்பதால், நீர் ஏறும்போது புதிதாக நனையும் ஆழமற்ற சேற்றுப் பரப்பை நோக்கி அது நகரும். அங்கே வலையின் ஈயக்குண்டுகள் உடனே தரை தட்டிவிடுவதால், அடிவழியாக நழுவ அதற்கு நேரம் கிடைக்காது. கூட்டத்தின் மீதே வீசாமல், அது செல்லும் திசையில் சற்று முன்னால் வீசுங்கள். வலைக்கண் மிகச் சிறியதானால் வலை மெதுவாகத் தாழும்; பெரியதானால் குஞ்சுகள் செவுளில் மாட்டி இறக்கும். என் கருத்தில், வலையை மாற்றுவதற்கு முன் நிற்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பதே நல்லது.

மறுமொழி 2:
மத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விளக்கொளியில் மிதவை உயிரிகள் திரள்வதால் அவற்றைத் தின்ன மத்தி வருகிறது. அதைத் தின்னும் பெரிய மீன்கள் ஒளி முடியும் இருள் விளிம்பில் காத்திருக்கும். எனவே தூண்டிலை அந்த விளிம்பில் இடுங்கள்.

அதன் செதில்கள் மிகத் தளர்வானவை, கைப்பிடியிலேயே உதிர்ந்துவிடும். கடல்நீரில் உள்ள உப்பு மீனின் உடல்நீரில் உள்ளதைவிட மிகுதி என்பதால், செதிலும் வழவழப்பும் போன இடத்தின் வழியே உடல்நீர் வெளியேறி மீன் தளர்கிறது. ஆகவே கையால் தொடாமல், வலையை வாளி நீருக்குள் தாழ்த்தி மீனைத் தானே நீந்திப்போக விடுங்கள். ஓயாமல் நீந்தும் மீனுக்குச் சதுரப் பெட்டியின் மூலைகள் ஆகாது. வட்டத் தொட்டியே ஏற்றது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காற்றுக் குழாய் வைத்தால் அதிக மீன்களை விடலாமா?

மறுமொழி 2:
காற்றுக் குழாய் அவசியம்தான். ஆனால் நெரிசலில் மீன்கள் ஒன்றோடொன்று உரசிச் செதிலை இழப்பதை அது தடுக்காது. நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். குறைவாகவே விடுங்கள், நீரைப் பகுதி பகுதியாக அடிக்கடி மாற்றுங்கள்.