அன்னபூர்ணா நடைக்கு 2.4 கிலோ கேமரா தேவையா?

தூக்குச்சட்டி:
அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சர்க்யூட் மலைநடை, 16 நாள். போர்ட்டர் கிடையாது, பை என் முதுகில்தான். கையில் இருப்பது நிக்கான் டி750 கேமரா, 24-120 எஃப்4, 70-200 எஃப்4 என்று இரண்டு ஜூம் லென்ஸ். மூன்றும் சேர்ந்து 2.4 கிலோ. மற்ற சாமான் எல்லாம் சேர்த்தே 9 கிலோதான். இதையே தூக்கட்டுமா, சின்னதாக ஒன்று வாங்கட்டுமா?

நெடுவழி:
வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நானும் இதே சுமையோடு போனவன். வழியில் வரும் மனாங் ஊர் வரை ஆசை ஆசையாக எடுத்தேன். அதற்கு மேல் நாலு அடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறது; பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, கையுறையைக் கழற்றி லென்ஸ் மாற்ற யாருக்குத் தெம்பு? தொரோங் லா கணவாயில் (5416 மீட்டர்) என்னிடம் இருக்கும் ஒரே படம் கூட வந்தவர் போனில் எடுத்தது. ரிக்கோ ஜிஆர்3 என்ற குட்டி கேமரா பேட்டரியோடு 257 கிராம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடங்கள்.

வெள்ளிமுகடு:
சட்டைப்பை சரி, ஜூம் எங்கே அண்ணே? மனாங் தாண்டி யாக் கர்க்கா சரிவில் நீல ஆடுகள் மேயும். பெயர்தான் நீலம், ஆள் பாறை நிறம். ரிக்கோவின் ஜூம் இல்லாத 28 மி.மீ. அகலக் கோணத்தில் எடுத்துவிட்டு, ஊருக்கு வந்து “இதோ, இந்தப் புள்ளிதான்” என்று விரலால் காட்ட வேண்டியதுதான்.

நெடுவழி:
அவர் நடக்கப் போகிறாரா, ஆடு மேய்க்கவா?

வெள்ளிமுகடு:
அப்போ போனே போதுமே, ரிக்கோ எதற்கு?

கைவிளக்கு:
சண்டையில் பேட்டரியை மறந்துவிட்டீர்கள். கணவாய் தாண்டும் அன்று இருட்டோடு கிளம்ப வேண்டும். அந்தக் குளிரில் பாதி சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே கேமரா பொசுக்கென்று அணையும். பேட்டரியை உள்சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் திரும்ப உயிர் வரும். இரவில் தூங்கும் பைக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிக் கணக்கில் டி750 ஒரு சார்ஜில் 1230 படம் எடுக்கும், ஜிஆர்3 சுமார் 200. மேலே போகப் போக லாட்ஜில் சார்ஜ் போடக் காசும் கேட்பார்கள்.

நெடுவழி:
இது நியாயம். ஆனால் ரிக்கோ பேட்டரி ஒன்று 30 கிராம்கூட இல்லை என்றே நினைவு. ஐந்து எடுத்துப் போனாலும் அந்த 70-200 எடையில் கால்வாசி வராது. சரி, ஜூம் வேண்டுமென்றால் சோனி ஏ6400 கேமராவுடன் 18-135 லென்ஸ்: மொத்தம் 728 கிராம்.

தூக்குச்சட்டி:
சோனிக்கு இப்போது பட்ஜெட் இல்லை. 70-200 வீட்டில் இருக்கட்டும். டி750-ஐ 24-120-ஓடு பையின் தோள்பட்டியில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்கிறேன், ஜிப் தொல்லை இல்லை. ஆனாலும் ஒன்றரை கிலோ. ஞாயிற்றுக்கிழமை முழுப் பையோடு பர்வதமலை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அம்மா கேட்டது வழியில் உள்ள முக்திநாத் கோயிலின் 108 நீர்த்தாரைப் படம் மட்டும்தான். அதை வாட்ஸ்அப்பில் உடனே அனுப்ப வேண்டுமாம்.

நெடுவழி:
பாதி மலையிலேயே கழுத்து வலித்தால் இங்கே வந்து ஒத்துக்கொள்ள வேண்டும், தம்பி.