ஒருவருமே பார்க்காத தார்ச் சொட்டா? டப்ளின் வீடியோவை முதலில் பாருங்கள்!

பாலையூற்றான்:
உப்புவெளிக் காற்று நேற்று "பொழுது போகாவிட்டால் பார்க்க விசித்திர வீடியோக்கள்" என்று மூன்று போட்டிருந்தார். ஒன்று, யூடியூபில் ஏறிய முதல் வீடியோ: 2005 ஏப்ரல் 23, சான் டியாகோ மிருகக்காட்சிசாலை, யானைகளுக்கு முன்னால் நின்று ஜாவேத் கரீம் கதைக்கும் 19 விநாடி. சரி. அடுத்தது ஜப்பானில் நாரா நகரத்து மான்கள் பிஸ்கட்டுக்காகத் தலை குனிவது. அதுவும் சரி. மூன்றாவதில்தான் எனக்கு ஏறியது. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் தார்ச் சொட்டு நேரலை: புனலிலிருந்து தார் மெல்ல மெல்லச் சொட்டுகிற பரிசோதனை. அதற்குக் கீழே எழுதியிருக்கிறார்: "இந்தத் தார் சொட்டுவதை உலகத்தில் ஒருவருமே பார்த்ததில்லை. முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்!"

ஒருவருமே பார்த்ததில்லையாம்! 2013 யூலை 11, டப்ளின் டிரினிட்டி கல்லூரி. 1944இல் அங்கே வைத்த புனலிலிருந்து தார் சொட்டி விழுந்தது கமராவில் பதிவானது. உலகமே பார்த்தது. தேடிப் பார்க்காமல் எழுதினால் இப்படித்தான்.

உப்புவெளிக் காற்று:
வாங்கோ தம்பி, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்ளினில் பார்த்தது கமரா. பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்த ஒரு மனிசனின் பெயர் சொல்லுங்கோ. ஒன்றே ஒன்று போதும்.

கிண்ணியாக் கரை:
எனக்கு ஒரு சந்தேகம். தார் சொட்டுவதை எதற்குப் பார்க்க வேண்டும்? வீதி போடுகிற இடத்தில் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றால் இலவசமாகப் பார்க்கலாமே.

உப்புவெளிக் காற்று:
அது காய்ச்சிய தார், நானா. இது ஆறின தார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும். ஆனால் சும்மா விட்டால் ஓடும். தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட 23,000 கோடி மடங்கு பிசுக்கு. 1927இல் தோமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் சூடாக்கிப் புனலில் ஊற்றி, மூன்று வருசம் ஆற விட்டு, 1930இல் அடிக் குழாயை வெட்டித் திறந்தார். ஒரு சொட்டு விழ எட்டு ஒன்பது வருசம். அறைக்கு ஏசி போட்ட பிறகு இன்னும் பிந்துகிறது.

கதையே அதற்குப் பிறகுதான். 1961இலிருந்து அதைப் பராமரித்தவர் ஜோன் மெயின்ஸ்டன். 1988இல் பிரிஸ்பேன் கண்காட்சியில் வைத்திருந்தபோது குடிக்க ஏதோ எடுக்கப் போனார், அந்த இடைவெளியில் விழுந்துவிட்டது. 2000இல் கமரா பூட்டினார்கள். சொட்டு விழுகிற நேரம் கமரா மக்கர் பண்ணியது. 2005இல் அவருக்கும் செத்துப்போன பார்னெலுக்கும் சேர்த்து இக் நோபல் பரிசு (சிரிக்கவைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுப்பது) கொடுத்தார்கள். 2013 ஆகஸ்ட்டில் மனிசன் போய்விட்டார், ஒரு சொட்டைக்கூட நேரில் பார்க்காமல். இதைத்தான் நான் நாலு வரியில் எழுதினேன். அதில் குற்றம் பிடிக்க ஓர் ஆள் பாலையூற்றிலிருந்து கிளம்பி வருகிறார்.

பாலையூற்றான்:
கதை நல்லாகத்தான் இருக்கிறது. நீங்கள் நேற்று எழுதியதில் இது ஒன்றுமே இல்லையே, இப்போதுதான் தேடிப் படித்தீர்களோ? இருக்கட்டும். மெயின்ஸ்டன் சாகும் முன்னர் டப்ளின் வீடியோவைப் பார்த்தார். அவரே பார்த்தார்! பிறகு எப்படி "ஒருவருமே"?

உப்புவெளிக் காற்று:
வீடியோவில் பார்த்தார். வீடியோவில்! நான் என்ன சொல்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பெயர் எங்கே?

மனையாவெளி மாமா:
பிள்ளைகளே, முதலில் "பார்த்தல்" என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று ஆளுக்கொரு வரி எழுதுங்கள். வீடியோவில் பார்ப்பது பார்த்தல் இல்லையென்றால் இந்தப் பட்டியலே எதற்கு? நேரலையில் காத்திருப்பவனும் கமரா வழியாகத்தானே பார்க்கப் போகிறான்?

பாலையூற்றான்:
2013 யூலை 11. டப்ளின்.

உப்புவெளிக் காற்று:
பெயர்.

நிலாவெளி நண்டு:
தாரை விட்டுவிட்டு நம்ம திருகோணமலை மானைப் பாருங்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் புள்ளிமான் ஒன்று தலையை நுழைத்து, முதலாளி ஃபோன் கதைக்கிற நேரம் பேப்பரை இழுத்துச் சப்பிக்கொண்டு போகிறது. நாரா மான் தலை குனிந்து கேட்கும். நம்ம மான் கேட்காது.

கிண்ணியாக் கரை:
இது நான் எடுத்த வீடியோ. கீழே இருந்த என் பெயரை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறீர்.

நிலாவெளி நண்டு:
வாட்ஸ்அப்பில் வந்தது. யார் எடுத்ததென்று எனக்கு எப்படித் தெரியும்? மான் உங்களுடையதா?

பாலையூற்றான்:
பெயர் வெட்டுகிற பழக்கம் இந்த வட்டாரத்தில் புதிதா? போன வருசம் உப்புவெளிக் காற்று "திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம், இன்று காலை" என்று ஒன்று போட்டாரே, மறந்துவிட்டதா? திமிங்கிலத்துக்குப் பின்னால் பனிப்பாறை மிதந்தது. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்குப் பக்கத்தில் பனிப்பாறை! அன்றைக்கும் கேட்டேன், பதில் இல்லை. அந்த ஆள்தான் இன்றைக்கு "உலகத்தில் ஒருவருமே" என்கிறார்.

உப்புவெளிக் காற்று:
அது எனக்கு வேறு ஆள் அனுப்பியது. நம்ம கடலில் நீலத் திமிங்கிலம் வருவது பொய்யா? மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை படகில் போய்ப் பாருங்கோ, கண்ணால். அதுதான் பார்ப்பது. வீட்டுக்குள் இருந்து டப்ளின் டப்ளின் என்று கத்துவது இல்லை.

மனையாவெளி மாமா:
திமிங்கிலத்தை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்?

நிலாவெளி நண்டு:
அந்தப் பனிப்பாறை வீடியோவை நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன், மாமா. கத்தாரிலிருந்து சித்தப்பா ஃபோன் பண்ணி ஊரில் குளிரோ என்று கேட்டார்.

பாலையூற்றான்:
இன்னொன்று. 2014 ஏப்ரலில் குயின்ஸ்லாந்தின் ஒன்பதாவது சொட்டும் பிரிந்தது. கீழே கிடந்த பழைய சொட்டில் முட்டிக்கொண்டு நின்றது, சொட்டு விழுகிற முகவையை (கண்ணாடிப் பாத்திரத்தை) மாற்றப் போனபோது அறுந்தது. மாற்றிய ஆட்கள் அங்கேதான் நின்றார்கள். நேரில்! கண்ணால்! இப்போது என்ன சொல்வீர்கள்?

உப்புவெளிக் காற்று:
மாங்காயை உலுப்பிவிட்டுத் தானாக விழுந்தது என்று சொல்வீர்களோ? அது விழுந்த சொட்டு இல்லை, அறுத்த சொட்டு. கணக்கில் வராது.

பாலையூற்றான்:
பல்கலைக்கழகமே ஒன்பதாவது என்று கணக்கில் சேர்த்திருக்கிறது. உப்புவெளியில் மட்டும் தனிக் கணக்கா?

கிண்ணியாக் கரை:
என் மான் வீடியோவுக்கு ஒரு முடிவு சொல்லுங்கள். பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன்.

நிலாவெளி நண்டு:
சரி, "நன்றி: வாட்ஸ்அப்" என்று போடுகிறேன்.

கிண்ணியாக் கரை:
வாட்ஸ்அப்பா போய் மானுக்குப் பின்னால் ஓடியது? அதோடு, மான் பேப்பர் தின்பதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அவை பொலித்தீனையும் விழுங்குகின்றன. அதற்காகத்தான் எடுத்தேன். நீர் சிரிப்புப் பாட்டு ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறீர்.

மனையாவெளி மாமா:
இதைத்தான் முதலில் பேச வேண்டும். கோட்டைப் பக்கம் நான் தினமும் நடக்கிறேன், மானுக்கு வடை ஊட்டிவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பொலித்தீன் பையை அப்படியே...

பாலையூற்றான்:
மாமா, மானுக்கு வேறு திரி திறவுங்கள். இங்கே அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பட்டியலில் அந்த வரியைத் திருத்துவாரா மாட்டாரா? "டப்ளினில் 2013இல் பதிவானது" என்று ஒரு வரி போட்டால் நான் போய்விடுவேன்.

உப்புவெளிக் காற்று:
திருத்திவிட்டேன். போய்ப் பாருங்கோ.

பாலையூற்றான்:
பார்த்தேன். "ஒருவருமே பார்த்ததில்லை, பாலையூற்றில் ஒருவரைத் தவிர" என்று எழுதியிருக்கிறது. பகிடியா?

உப்புவெளிக் காற்று:
நீங்கள்தானே பார்த்தேன் என்கிறீர்கள்.

பாலையூற்றான்:
படம் எடுத்து வைத்துவிட்டேன், இனி அழிக்க முடியாது. பனிப்பாறை வீடியோவையும் சேர்த்து இன்று இரவு போடுகிறேன்.

கிண்ணியாக் கரை:
நண்டு, பாட்டையாவது எடுத்துவிடும்.