ஐப்பசியில் லேக்கர் அடித்த அனுபவம்

கிட்டாருக்கு முதல் தடவை லேக்கர் (மரத்துக்கு மேலே அடிக்கும் பளபளப்பான பூச்சு) அடித்து, அது பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப்போய் நிற்கிறவர்கள் யாராவது இருந்தால், உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் ஐப்பசியில் நானும் அப்படித்தான் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார் வடிவத்தில் ஒன்று செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதை ஆஷ் மர உடலும் மேப்பிள் கழுத்துமாகச் செய்தார்கள். மதுரை மரக்கடைகளில் தேக்கு, வேங்கை, வாகை, பலா என்றுதான் பேச்சே. காரைக்குடிப் பக்கம் இடித்த பழைய வீட்டு பர்மா தேக்கு உத்திரத்தில் ஒரு துண்டு எனக்குக் கிடைத்தது. அத்தனை வருஷம் காய்ந்த மரம் என்பதால் பச்சை மரம் மாதிரி முறுக்கிக்கொள்ளும் பயம் குறைவு. ஆனால் பழைய மரம் வாங்குகிறவர்கள் ஒரு காந்தத்தால் முழுக்கத் தடவிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. உள்ளே முறிந்து கிடந்த ஆணி ஒன்று இழைப்புளியின் வாயைக் காலி செய்துவிட்டது.

45 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பலகை அறுத்து நடுவில் ஒட்டினேன். கிளாம்பைக் கழற்றி இரண்டாம் நாள் வளைவு அறுக்கும்போது ஒட்டு விட்டுவிட்டது. திருப்பரங்குன்றம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒட்டு விட்ட முகத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். “தம்பி, இது எண்ணெய் மரம். இழைச்ச கையோட தின்னர் போட்டுத் துடைச்சிட்டு உடனே ஒட்டணும். ராத்திரி விட்டுட்டு காலையில ஒட்டினா எண்ணெய் மேல வந்துரும், பசை எங்க பிடிக்கும்?” என்றார். அவர் சொன்னபடி மறுபடி இழைத்து, துடைத்து, ஒட்டினேன். இன்றுவரை அந்த ஒட்டு அசையவில்லை.

கழுத்து வேலையில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஃபெண்டர் அளவில் தந்தியின் நீளம், கழுத்து நுனியில் தந்தி உட்காரும் நட்டிலிருந்து உடலில் இருக்கும் பாலம் வரை, 648 மில்லிமீட்டர். இதை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதிக்கும் கம்பி) தூரம், 36.37. மீதி இருப்பதை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. கணக்கு சரிதான், அளந்த விதம்தான் தப்பு. ஒவ்வொரு ஃபிரெட்டையும் அதற்கு முந்தையதிலிருந்து அளந்துகொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் முடியளவு பிசகு, அது சேர்ந்து சேர்ந்து, 324இல் விழ வேண்டிய பன்னிரண்டாவது ஃபிரெட் 322.5இல் விழுந்தது. திறந்த தந்தி சுருதியோடு நிற்கும், பன்னிரண்டில் அழுத்தினால் இறங்கிவிடும். பாலத்தை நகர்த்தி அதைச் சரிசெய்தால் ஐந்தாவது ஃபிரெட் முரண்டு பிடிக்கும். எல்லா ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே, ஸ்கேலை நகர்த்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். வீணையில் ஃபிரெட் மாதிரியான மெட்டுகள் மெழுகில் உட்காருவதால் அவற்றை நகர்த்திச் சரிபண்ண வழியுண்டு. கிட்டாரில் ரம்பம் இறங்கிய இடம்தான் இடம். அந்தக் கழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தேன், பத்து நாள் போனது.

இனி லேக்கர். தேக்கின் எண்ணெய் மேலே வராமல் இருக்க முதலில் அரக்கு பூசினேன். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு நாள் ஆடாமல் வைத்தால் மெழுகு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்துப் பூச வேண்டும். மெழுகோடு பூசினால் அதன்மேல் அடிப்பது எதுவும் சரியாகப் பிடிக்காது. அப்புறம் துளை அடைக்கும் அடிப்பூச்சான சேண்டிங் சீலர் பூசி, ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்த தூளும் சீலரும் குழைந்து தேக்கின் துளைகளில் போய் அடைத்துக்கொண்டது. இந்த வேலையை மூன்று தடவை செய்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவசரப்பட்டேன்.

காலையில் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. வானம் வெளுத்ததும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரைத் தின்னரோடு கலந்து ஸ்பிரே கன்னில் ஊற்றி அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாக மறைந்து, மேலே வெள்ளையாக மூட்டம் படர்ந்தது. நெஞ்சு அடைத்துப்போனது. நாலு மாத வேலை அது.

எங்கள் தெருமுனையில் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் அண்ணனிடம் ஓடினேன். கிட்டாருக்குக் கார் பெயிண்டரிடம் ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். ஃபெண்டர் கம்பெனியே 1950, 60களில் தன் கலர் கிட்டார்களுக்கு டூபான்ட் கார் பெயிண்டுகளைத்தான் அடித்தது. அவர் பார்த்ததும், “சுரண்டிராத. ஒண்ணும் கெட்டுப்போகல, ஈரம் உள்ள மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. பரப்பு சில்லென்று ஆனதும் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது. ஜிகர்தண்டா டம்ளர் வெளியே வேர்க்கிறதே, அதே சங்கதி. அந்த ஈரம் காய்கிற லேக்கருக்குள் சிக்கிக்கொள்வதால் வெள்ளையாகத் தெரிகிறது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் லேசாக அடித்தால் லேக்கர் மறுபடி இளகும், ஈரம் வெளியேறிவிடும். ஆனால் நல்ல வெயில் வேண்டும்.

வெயிலுக்காக எட்டு நாள் காத்திருந்தேன். ஒன்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, கன்னில் ரிடார்டர் மட்டும் ஊற்றி ஓர் அடி தள்ளி நின்று பனித்தூவல் மாதிரி ஒரு வீச்சு வீசினேன். முதலில் பளபளவென்று நனைந்தது. அப்புறம் கழுத்துக் குழி ஓரத்திலிருந்து வெள்ளை கரையத் தொடங்கி, தேக்கின் கறுப்பு வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மீதி லேக்கரைத் தை மாதம்தான் அடித்தேன். ‘தைப் பனி தரையைத் துளைக்கும்’ என்பார்கள், ஆகவே காலையில் கன்னைத் தொடவே இல்லை. பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வாக்கில் முடித்துவிடுவேன். ஒரு நாளைக்கு மூன்று கோட், இடையில் இரண்டு மணி நேரம், மொத்தம் பத்துக் கோட். சித்திரை வெயிலும் ஆகாது. அதில் லேக்கர் காற்றிலேயே காய்ந்து பொடியாக வந்து விழும், தடவினால் சொரசொரவென்று இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பில் ‘உலர்ந்த நாளில் அடிக்கவும்’ என்று ஒரே வரிதான் இருக்கும். மதுரையில் அந்த ஒரு வரிக்குள் அரை வருஷம் அடங்கியிருக்கிறது.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. கழுத்து உட்காரும் குழிக்கு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். உள்ளே லேக்கர் ஏறினால் கழுத்து இறங்காது, அழுத்தினால் ஓரம் தெறித்துவிடும். முகத்துக்குத் துணியைக் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள், கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள். பக்கத்தில் அடுப்போ, ஊதுபத்தியோகூட இருக்கக் கூடாது, தின்னர் ஆவி அவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு மாதம் கொடியில் தொங்கவிட்டேன். மூக்கை வைத்தால் தின்னர் வாசம் வருகிற வரை பாலிஷ் போடக் கூடாது, லேக்கர் இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சோப்புத் தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 நம்பர் தாளில் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போட்டேன். கீழ் விளிம்பில் கொஞ்சம் அழுத்திவிட்டதால் ஒரு விரல் நீளத்துக்கு லேக்கர் தேய்ந்து மரம் தெரிகிறது. விளிம்பில் எப்போதும் பூச்சு மெல்லிசாகத்தான் நிற்கும், அங்கே தாளைக் கொண்டுபோகாமல் இருந்திருக்க வேண்டும்.

தந்தி மாட்டி ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. கவிழ்த்துப் போட்டு, நடு ஒட்டு எங்கே இருக்கிறது என்று நகத்தால் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. “அடுத்து பலாவுல பண்ணு. வீணை மரம், நல்லாப் பேசும்” என்று சொல்லி, மூலையில் கிடந்த மஞ்சள் பலகை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதை அறுத்து, இழைத்து, அரக்கும் பூசியாகிவிட்டது. இப்போது மறுபடி ஐப்பசி. உடல் கொடியில் தொங்குகிறது, லேக்கர் டப்பாவைத் திறக்கவில்லை.