சீனாவின் செங்டுவில் பழமையும் வேண்டும், சொகுசு ஓட்டலும் வேண்டும்: எங்கே தங்கலாம்?

கேள்வி:
வசந்த காலத்தில் அம்மாவோடு செங்டு போகிறேன். பாண்டாவுக்கு ஒரு காலைப்பொழுது போதும். எங்களுக்கு வேண்டியது கோயில், அருங்காட்சியகம், சிச்சுவான் நாடகம், அப்புறம் நல்ல ஐந்து நட்சத்திர ஓட்டல். படங்களைப் பார்த்தால் ஊர் முழுக்கக் கண்ணாடிக் கட்டடமாகத்தான் இருக்கிறது, பழசு ஏதாவது மிச்சம் உண்டா? தெற்கே ஹைடெக் பகுதி ஓட்டல்கள் பளபளவென்று இருக்கின்றன, அங்கே தங்கலாமா?

பதில் 1:
தெற்கே வேண்டாங்க. அது அலுவலக வேலையாக வருகிறவர்களுக்கான இடம், நீங்கள் பார்க்க நினைப்பதெல்லாம் வடக்கே நகர மையத்தில் இருக்கிறது. தாத்ஸி (Daci) புத்தக் கோயில் பக்கம் தேடுங்கள். கோயிலைச் சுற்றியே 2014இல் தைக்கூ லி கடைத்தெருவைக் கட்டினார்கள், உயரம் இல்லாத ஓட்டுக்கூரைக் கட்டடங்கள், உள்ளே பிராண்டு கடைகள். ஒட்டினாற்போல டெம்பிள் ஹவுஸ் ஓட்டல். நூறு வருடத்துக்கு மேற்பட்ட முற்றத்து வீட்டைப் புதுப்பித்து அதன் வழியாகத்தான் உள்ளே விடுகிறார்கள். அறைகள் முழுக்க நவீனம், செதுக்கிய கட்டிலெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

பதில் 2:
தங்க அது சரி. ஆனால் பழமை என்று குவான்ஜாய் சந்துக்குப் போய் நேரத்தைக் கொட்டாதீர்கள், 2008இல் புதுப்பித்துத் திறந்தது, இப்போது தின்பண்டமும் கூட்டமும்தான். வென்ஷு மடாலயம் போங்கள், சைவச் சாப்பாடு கிடைக்கும், அம்மா உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். ஜின்ஷா அருங்காட்சியகத்தை விடவே கூடாது. 2001இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோதுதான் மூவாயிரம் வருடப் பழைய ஊர் வெளிப்பட்டது, தங்கத் தகட்டில் வெட்டிய சூரியப் பறவை அங்கே கிடைத்ததுதான். நீங்கள் குறை சொல்லும் அதே கட்டுமானம்தான் அதையும் காட்டிக் கொடுத்தது! சான்ஷிங்துயி என்ற அகழாய்வு இடத்தின் வெண்கல முகமூடிகளுக்குப் பக்கத்து ஊரான குவாங்ஹான் வரை போக வேண்டும், அங்கே அருங்காட்சியகத்தின் புதுக் கட்டடம் 2023இல் திறந்தது. பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தெற்கை விட்டாச்சு. நாடகம்? பணம் எப்படிக் கட்டுவது?

பதில் 1:
முகமூடி மாற்றும் ஆட்டம் தேநீர்க் கடை அரங்குகளில் மாலையில் நடக்கும், கலவையான நிகழ்ச்சிதான், முழு நாடகம் இல்லை. பணத்துக்கு, அலிபே என்ற சீனப் பணச் செயலியில் உங்கள் கார்டைக் கிளம்பும் முன்பே இணையுங்கள். கூகுள் மேப் அங்கே திறக்காது. டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்றும் பாருங்கள்: ஷுவாங்லியு நிலையம் நகரத்துக்கு அருகில், 2021இல் திறந்த தியான்ஃபு ரொம்பத் தள்ளி. நள்ளிரவில் இறங்குவதாக இருந்தால் ஓட்டல் காரையே சொல்லி வையுங்கள்.