‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷியன்ஸ்’: கரடுமுரடான கோடு குறையா, அழகா?

மசிப்பேனா:
உடலெங்கும் கறுப்புப் புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் நாய்களைப் பற்றிய டிஸ்னியின் இந்த 1961ஆம் ஆண்டு அனிமேஷன் படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். கதையில் தொய்வில்லை. ஆனால் கோடுகளை என் கண் ஏற்க மறுக்கிறது. இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில், ஓவியரின் பென்சில் வரைவின்மேல் செல்லுலாய்டுத் தாளை வைத்து, மை தீட்டும் பிரிவிலிருந்த பெண்கள் ஒவ்வொரு கோட்டையும் அந்தந்த இடத்திற்குரிய நிறத்தில் கையால் இழுத்தார்கள். இங்கே பென்சில் வரைவை அப்படியே நகலெடுத்து அந்த வேலையை ஜெராக்ஸ் இயந்திரம் செய்ததால் எல்லாமே கறுப்புக் கோடு. அழிக்க மறந்த பென்சில் கீறல்கள்கூடத் திரையில் துடிக்கின்றன. வால்ட் டிஸ்னிக்கே இந்தத் தோற்றம் பிடிக்கவில்லை. சிக்கனத்தைக் கலை என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கரும்புள்ளி:
சிக்கனம் ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்கவில்லை. சுமார் 60 லட்சம் டாலர் விழுங்கிய ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ முதல் வெளியீட்டில் நட்டத்தையே தந்தது. ஆனால் புள்ளிகளை மறந்துவிட்டீர்களே! தந்தை நாய் பாங்கோவுக்கு 72, தாய் நாய் பெர்டிட்டாவுக்கு 68, குட்டி ஒவ்வொன்றுக்கும் 32 என்றும், படம் முழுவதற்கும் 64 லட்சத்திற்கு மேல் என்றும் அந்நிறுவனமே கணக்குச் சொல்லி விளம்பரப்படுத்தியது. டிஸ்னியின் தொழில்நுட்ப வல்லுநர் அப் ஐவர்க்ஸ் அந்த ஜெராக்ஸ் இயந்திரத்தை அனிமேஷனுக்கு ஏற்றவாறு மாற்றித் தந்திராவிட்டால், இத்தனை குட்டிகளை ஒரே காட்சியில் ஓடவிடும் துணிச்சல் எவருக்கும் வந்திருக்காது.

அதைவிட முக்கியமானது பின்னணி. கலை இயக்குநர் கென் ஆண்டர்சன், நாய்களுக்கு ஒரு கோடும் வீடுகளுக்கு வேறொரு பாணியும் என்று விடாமல், பின்னணியையும் அதே கோட்டுக்குள் கொண்டுவந்தார். நாய்களின் எஜமானர் ராஜரின் லண்டன் அறையைச் சற்று நிறுத்திப் பாருங்கள்: நிறத் திட்டுகள் தனியே கிடக்க, அவற்றின்மேல் கோடுகள் தம் போக்கில் செல்கின்றன, நிறம் கோட்டைத் தாண்டி வழிவதைக் குறித்து எவரும் கவலைப்படவில்லை. இது பணமின்மையால் நேர்ந்த அலங்கோலம் அல்ல, திட்டமிட்ட வடிவமைப்பு.

தேன்மொழி:
குட்டிகளின் தோலுக்காக அலையும் வில்லி க்ரூயெல்லாவைப் பற்றி இருவருமே பேசாதது வியப்பளிக்கிறது. மார்க் டேவிஸ் என்ற ஒரே ஓவியர் வரைந்த பாத்திரம் அது. ராஜரின் மனைவி அனிதாவின் வீட்டுக்குள் புயல்போல் நுழைந்து, மஞ்சளும் பச்சையுமான புகையை அறையெங்கும் பரப்பி, சிகரெட்டைக் கேக்கின்மேல் குத்தி அணைக்கும் அந்த எலும்புக் கை, வேறொருவர் மை தீட்டியிருந்தால் நிச்சயம் மழுங்கியிருக்கும். தாம் போட்ட கோடே திரைக்கு வருவதைக் கண்டு அனிமேஷன் ஓவியர்கள் பலர் மகிழ்ந்ததும் இதனால்தான்.

மசிப்பேனா:
ஓவியர்கள் மகிழ்ந்தார்கள், சரி. மை தீட்டிய பெண்களின் கைவினை என்ன ஆயிற்று? அதைக் கணக்கில் எழுத ஏன் ஒருவருக்கும் மனம் வரவில்லை? 1955இல் வந்த ‘லேடி அண்ட் தி டிராம்ப்’ படத்தில் லேடி என்ற நாயின் காது மயிர் எவ்வளவு மென்மையாக அசைகிறது! க்ரூயெல்லாவுக்குப் பொருந்துகிறது என்பதற்காகப் பால்குடி மறக்காத குட்டியின் மூக்கிற்கும் அதே முரட்டுக் கோடா? 1977இல் ‘தி ரெஸ்க்யூயர்ஸ்’ எடுத்தபோது அந்நிறுவனமே சாம்பல் நிறக் கோட்டுக்கு மாறியதே, கறுப்பு ஒரு குறை என்று உணர்ந்ததால்தானே?

கரும்புள்ளி:
அந்தப் படத்துக்குச் சாம்பல் பொருந்தியது. இந்தப் படத்துக்குக் கறுப்புதான் பொருந்தும். குட்டிகள் கரிப்பொடியில் புரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்களாக வேடமிட்டுத் தப்பும்போது, உருகிய பனிநீர் ஒரு குட்டியின்மேல் சொட்டி வெள்ளைத் திட்டைக் காட்டிவிட, க்ரூயெல்லா கண்டுபிடித்துவிடுகிறாள். கதை திரும்புவதே கறுப்பு வெள்ளையில்தான். அந்த இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடுகளைக் கற்பனை செய்து பாருங்கள், காட்சியின் கூர்மை பாதியாகிவிடும். மை தீட்டிய பெண்களைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் நியாயம். ஆனால் அது நிர்வாகத்தின்மேல் வைக்க வேண்டிய வழக்கு, படத்தின்மேல் அல்ல.

மசிப்பேனா:
நிர்வாகம் எடுத்த முடிவுதான் திரையில் கோடாக நிற்கிறது, நண்பரே. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை.