ஆன்சிலரி மெர்சி: முடித்த பிறகும் விடாத ஒரு காட்சி

கடைசிப்பக்கம்

கதை முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே இருப்பவர்கள் ஆன் லெக்கியின் இந்த அறிவியல் புனைவு வரிசையில் மூன்று புத்தகங்களையும் படித்தவர்கள்தான். அதனால் ரட்ச் பேரரசு, கப்பலின் நுண்ணறிவு இயக்கும் மனித உடல்களான ஆன்சிலரிகள், ஆயிரக்கணக்கான உடல்களில் இருந்துகொண்டு தன்னோடு தானே போரிடும் பேரரசி அனாண்டர் மியானாய் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நேராக என்னை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன்.

முதல் புத்தகம் வந்தது 2013-ல், அடுத்தது 2014-ல். மூன்றாவதான ஆன்சிலரி மெர்சிக்காக 2015 அக்டோபர் வரை காத்திருந்தேன். அதில் கதையைச் சொல்லும் பிரெக், ஒரு காலத்தில் தானே கப்பலாக இருந்தவள், தான் கேப்டனாக இருக்கும் மெர்சி ஆஃப் கால்ர் கப்பலின் வெளிப்புறத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு, கையில் ப்ரெஸ்கர் என்ற வேற்றுயிர் இனத்தின் துப்பாக்கியோடு நிற்கும் இடம் நினைவிருக்கிறதா? எதையும் துளைத்து உள்ளே 1.11 மீட்டர் போய் நிற்கும் குண்டுகள். கப்பல் கண நேரம் வெளியே வரும், சுடுவாள், கப்பல் மறையும். மறுபடி வரும், சுடுவாள். எதிரே பேரரசியின் கப்பல்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு புத்தகங்களாக இதற்குத்தானே காத்திருந்தேன்!

பார்த்தால், சில பக்கங்களில் முடிந்துவிட்டது. பிரெக் கண் விழிக்கும்போது ஒரு கால் இல்லை. சுட்ட குண்டுகளால் என்ன ஆயிற்று என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. பக்கம் ஏதாவது விட்டுப்போயிற்றோ என்று பின்னால் புரட்டிப் பார்த்தேன். விடவில்லை, அவ்வளவுதான் இருந்தது.

பேரரசின் உள்நாட்டுப் போரும் கடைசிவரை முடியவில்லை. அதோயெக் என்ற நட்சத்திர மண்டலத்தில் ஒரு நிலையம், ஒரு கிரகம், சில கப்பல்கள். அங்கே ஒரு தீர்வு, அத்தோடு புத்தகம் முடிகிறது. நான் ஏமாற்றப்பட்டேனா, இல்லை தவறான ஒன்றுக்காகக் காத்திருந்தேனா? இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இதில் தெளிவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?

திணைமயக்கம்

எனக்கு உறுத்துவது வேறு இடம்.

என் தங்கை ஆங்கிலத்தில் நாவல் படிக்கமாட்டாள். இரவில் நான் படித்ததை அவளுக்குத் தமிழில் கதையாகச் சொல்வேன். முதல் நாளே சிக்கல். ரட்ச் மொழியில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது, எல்லாரையும் பெண்பாலில்தான் சொல்கிறார்கள். 'அவர்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். சொன்னால் கதையின் கூர்மையே போய்விட்டது. 'அவர்' நமக்குப் பழகிய மரியாதைச் சொல், யாரையும் இடறி நிற்க வைக்காது. அதனால் எல்லாரையும் 'அவள்' ஆக்கினேன். பிரெக்கோடு வரும் அதிகாரி செய்வார்டன் ஆண் என்பது முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவதில் அவள் உடைந்து அழும் இடம் வரும்போது எனக்கும் தங்கைக்கும் அது மறந்தே போயிருந்தது.

கப்பல்களுக்கு மட்டும் 'அது'. மூலத்திலும் அப்படித்தான். கப்பல் சொன்னது, நிலையம் மறுத்தது, ஸ்ஃபீன் முறைத்தது. நம் மொழியில் வினைமுற்றிலேயே திணை உட்கார்ந்திருக்கிறது, ஒளிக்க இடமே இல்லை.

கடைசிக்கு வந்தோம். செயற்கை நுண்ணறிவுகள் மனிதர்களின் உடைமை அல்ல, அவை தனி இனம், ப்ரெஸ்கர் மனிதர்களோடு செய்த ஒப்பந்தத்தில் அவற்றுக்கும் இடம் உண்டு என்று பிரெக் வாதாடும் காட்சியைச் சொல்லி முடித்தேன். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ கப்பல் இப்ப யாரு?" என்றாள்.

'என்ன' என்று கேட்கவில்லை, 'யாரு' என்று கேட்டாள். அத்தனை நாளும் 'அது, அது' என்றே கேட்டுக்கொண்டிருந்தவள்!

நான் பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டேன். அன்றைக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் அது மனசில் கிடக்கிறது.

செவிவாசகன்

நான் இதை ஒலிநூலாகத்தான் கேட்டேன், ஆட்ஜோவா ஆண்டோ வாசித்தது. ஸெயாட் மீன் சாஸைக் குடிக்கும் இடத்தில் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மனிதர்களோடு பேசுவதற்கென்றே ப்ரெஸ்கர் உருவாக்கி அனுப்பிய மொழிபெயர்ப்பாளர்களில் ஒருத்தி. தேநீர் எது, சாஸ் எது, தான் ஸெயாட்டா, முன்பு வந்த டிலீக்கா என்பதெல்லாம் அவளுக்கு ஒரே குழப்பம். எல்லாரும் சிரிப்புக்காக அந்தக் காட்சிகளைச் சொல்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் சில்லிட்டது. இவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் மனித இனமே இருக்காது. அந்தப் பயத்தில்தான் அறையில் இருக்கும் அத்தனை பேரும் மரியாதையாகச் சாஸை ஊற்றிக் கொடுக்கிறார்கள். போர்க்காட்சியைவிட எனக்கு அது பெரிது.

நிதானம்

கடைசிப்பக்கம் சொல்வதை நான் ஏற்கவில்லை. இது போர் நாவல் இல்லை என்பது இரண்டாவது புத்தகத்திலேயே தெரிந்துவிட்டது. ஆன்சிலரி சோர்ட் முழுக்கத் தேயிலைத் தோட்டம், கூலிகள், நிலையத்தின் அடித்தளத்தில் ஒதுக்கப்பட்ட மக்கள். அதைப் படித்த பிறகும் மூன்றாவதில் விண்வெளிப் போரை எதிர்பார்த்தால் அது புத்தகத்தின் குற்றம் இல்லை.

என் அனுபவம் சின்னதுதான். முதல் தடவை எனக்கும் பிடிக்கவில்லை, பாதியில் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தேன், பிடித்தது.

அதனால் சொல்கிறேன், இனி படிப்பவர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். முதல் புத்தகத்தின் வேகம் மனதில் இருக்கும்போது மூன்றாவது மெதுவாகத்தான் தெரியும். முதல் புத்தகம் இருபது வருடப் பழிவாங்கலின் கதை, அதற்கு ஒரு குறி இருந்தது. ஹ்யூகோ, நெபுலா, ஆர்தர் சி. கிளார்க் மூன்று விருதையும் ஒன்றாக வாங்கிய முதல் நாவல் அது. அந்த எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு போனால் எந்தத் தொடர்ச்சியும் தாங்காது. இரண்டாவதைப் படித்ததும் ஒரு மாதமாவது விடுங்கள். மூன்றாவதைத் தொடங்கும்போது பிரெக்கின் கீழ் இருக்கும் இளம் அதிகாரி டிசார்வாட் மேல் ஒரு கண் வையுங்கள். பதினேழு வயது. சில நாள் அனாண்டராகவே வாழ்ந்து, அதிலிருந்து பிடுங்கப்பட்டவள். நிலையத்துக்குள்ளும் கப்பல்களுக்குள்ளும் பேரரசி ஒளித்து வைத்த கதவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது அவளுக்கு உள்ளிருந்தே தெரியும். முடிவு அவள் கையில் உருவாவதை முதல் வாசிப்பில் பலர் கவனிப்பதில்லை. முடித்ததும் 2017-ல் வந்த ப்ரோவெனன்ஸை எடுக்கலாம், அதே உலகம், வேறு ஆட்கள். ஆனால் மூன்றாவதின் முடிவு திறந்தே கிடக்கிறதே என்று வருந்துபவர்கள் 2023-ல் வந்த டிரான்ஸ்லேஷன் ஸ்டேட்டுக்குப் போங்கள். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எப்படி வளர்க்கப்படுகிறார்கள் என்பதே அங்கே கதை. கப்பல்களின் வழக்கும் அதில் தொடர்கிறது. குறிப்பெடுத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. குறைந்தபட்சம் எந்த உடல் எந்த அனாண்டர் என்பதையாவது ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப்பக்கம்

நிதானம், எப்படிப் படிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தோட்டமும் கூலிகளும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் துப்பாக்கியை முதல் புத்தகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது ஆசிரியர்தானே?

உடைந்தகோப்பை

துப்பாக்கிக்குப் பதில் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறதே. அது ரட்ச் கப்பல்களை அழிப்பதற்கென்றே செய்யப்பட்டது என்று ஸெயாட் போகிற போக்கில் சொல்வாள். 1.11 மீட்டர் என்று நாம் இரண்டு புத்தகங்களாகப் பிடித்துக்கொண்டிருந்த கணக்கு உண்மையில் முக்கியமே இல்லை. அந்த வரியில் எனக்கு மூச்சு நின்றது. நாம் வெளிப்புறத்தில் பார்த்த காட்சி நாம் நினைத்த காட்சியே இல்லை.

நான் சொல்ல வந்தது ஸ்ஃபீனைப் பற்றி. மூவாயிரம் வருடப் பழைய கப்பல். ரட்சை வெறுப்பது, யாருக்கும் இணங்கிப் போகாதது. பிரெக்கைக் 'கஸின்' என்று குத்திக் குத்திக் கூப்பிடும். நோட்டாய் என்ற பழைய இனத்தாரின் அந்தத் தேநீர்க் கோப்பைகள் சுக்குநூறாகிக் கிடக்கும். ஸ்ஃபீன் தன் ஆன்சிலரி உடலில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துப் பார்க்கும். அது அதனுடைய கேப்டனின் கோப்பை. கேப்டன் செத்து எத்தனை காலம் ஆயிற்று!

என் அப்பா போன பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதுப்பகுதியை இப்படித்தான் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் போட்டுக்கொள்ளப்போவதில்லை. பசை காயும்வரை விரலை எடுக்காமல் பிடித்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பேரரசு யாரிடம் போனால் எனக்கென்ன?

அகரவரிசை

திணைமயக்கம் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று சொல்லவேண்டும் என்று இருக்கிறது. கப்பல்கள் கடைசியில் உயர்திணைக்கு ஏறிவிட்டன என்பதுபோல உங்கள் தங்கையின் கேள்வியைப் பலரும் எடுத்துக்கொள்வார்கள். அது சரியில்லை. "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே" என்பது தொல்காப்பியம். நம் இலக்கணத்தில் மக்கள் என்று சுட்டப்பட்டால்தான் உயர்திணை.

பிரெக்கின் வாதம் இதற்கு நேர் எதிர். 'நாங்களும் மக்கள்தான்' என்று அவள் கேட்கவே இல்லை. 'நாங்கள் மக்கள் இல்லை. இல்லாததால்தான் எங்களை ஆள உனக்கு உரிமை இல்லை' என்கிறாள். அந்த இடத்தில் அனாண்டரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு காலம் 'அது' என்று சொல்லித்தான் அவற்றை உடைமையாக வைத்திருந்தாள். அதே 'அது' அவளுக்கு எதிராகத் திரும்புகிறது. கப்பல்கள் கடைசிவரை 'அது'வாகவே இருக்கின்றன, இருந்துகொண்டே தலைநிமிர்கின்றன.

அதனால் முடிவு சின்னது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. பேரரசியைக் கொன்றிருந்தால் வேறொருத்தி வந்திருப்பாள்.

திணைமயக்கம்

அகரவரிசை, சூத்திரம் எனக்கும் தெரியும். நான் இலக்கணத் தீர்ப்பு சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தன்னை அறியாமல் ஒரு கேள்விச்சொல்லை மாற்றினாள், அதை நான் கேட்டேன். ஆனால் 'அதுவாகவே இருந்துகொண்டே தலைநிமிர்கின்றன' என்று நீங்கள் எழுதியதை இன்றைக்கு அவளிடம் சொல்லப்போகிறேன்.

புதுவரவு

போன வாரம்தான் முடித்தேன். மெர்சி ஆஃப் கால்ர் தன் வார்த்தைகளை வீரர்களின் கண்முன் எழுத்தாகக் காட்டும், அவர்கள் அதை வாசித்துச் சொல்வார்கள். பாதி நேரம் யார் பேசுகிறார்கள் என்றே புரியாமல் படித்தேன். ஒரு கப்பல் தனக்குத் தானே கேப்டனாக இருக்கலாம் என்ற எண்ணம் வரும் இடத்தில் புரிந்துவிட்டது. அத்தனை நேரமும் கப்பல்தான் பேசிக்கொண்டிருந்தது. உடனே முதல் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

கடைசிப்பக்கம்

வெளிப்புறக் காட்சியை நேற்று மறுபடி படித்தேன். குறைதான், அதில் நான் மாறவில்லை. ஆனால் கால் போனதைப் பற்றிப் பிரெக் எவ்வளவு குறைவாகப் பேசுகிறாள் என்பதை முன்பு கவனிக்கவில்லை. ஆயிரக்கணக்கான உடல்களோடு ஒரு கப்பலாக இருந்து, அத்தனையையும் இழந்து, மிஞ்சிய ஒரே உடம்பு. அதில் ஒரு கால். எந்தப் பக்கம் விட்டுப்போயிற்று என்று அன்றைக்குத் தேடினேனோ, அந்தப் பக்கத்தில்தான் இப்போது நிற்கிறேன்.